முதலில் கத்தியா, மருந்தா? மார்பகப் புற்றுநோய் சிகிச்சையும் டாக்டர் ஹால்ஸ்டெட்டின் வாழ்க்கையும்

மார்பகத்தில் இருப்பது புற்றுநோய்க் கட்டிதான் என்று பயாப்ஸி முடிவு வந்துவிட்டது. வீட்டில் எல்லோரும் ஆபரேஷன் தேதிக்காகக் காத்திருக்கிறார்கள். டாக்டரோ, முதலில் சில மாதங்கள் கீமோ, அதற்குப் பிறகுதான் ஆபரேஷன் என்கிறார். கட்டியை உள்ளேயே வச்சுக்கிட்டு எதுக்கு இத்தனை மாசம் காத்திருக்கணும், அதுக்குள்ள பரவிட்டா என்ன செய்யறது என்று குடும்பமே பதறிப்போகிறது. சிலர் இந்தப் பதற்றத்தில் மருந்தைத் தள்ளிவிட்டு, உடனே அறுவை செய்யும் வேறு மருத்துவமனையைத் தேடிப் போகிறார்கள்.

இந்தப் பதற்றத்துக்கு நூறு வருஷத்துக்கு மேற்பட்ட ஒரு வரலாறு உண்டு. புற்றுநோய் என்றால் உடனே அறுக்க வேண்டும், எவ்வளவு அதிகமாக அறுக்கிறோமோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம் தானாக வந்ததல்ல. அதை மருத்துவ உலகில் வேரூன்றச் செய்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஸ்டூவர்ட் ஹால்ஸ்டெட். அவர் மிகத் திறமையானவர், நேர்மையாகக் கணக்கு வைத்தவர். ஆனாலும் அவருடைய முக்கியமான கொள்கை ஒன்று தவறாகிப்போனது. அது ஏன் தவறானது என்பது புரிந்தால், இன்று மருந்தை ஏன் முதலில் தருகிறார்கள் என்பதும் புரிந்துவிடும்.

பந்து விளையாடிய பிள்ளை

1852 செப்டம்பர் 23 அன்று நியூயார்க் நகரில் வசதியான குடும்பத்தில் ஹால்ஸ்டெட் பிறந்தார். அப்பாவுக்கு ஜவுளி இறக்குமதி வியாபாரம். யேல் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் பையனுக்குப் படிப்பைவிட விளையாட்டில்தான் ஆர்வம். கால்பந்து அணிக்கு அவர்தான் தலைவர். கல்லூரி நூலகத்தில் ஒரு புத்தகம்கூட அவர் இரவல் வாங்கியதில்லை என்று சொல்வார்கள். கடைசி வருஷத்தில்தான் உடற்கூறு நூல் ஒன்றை விலைக்கு வாங்கிப் படிக்க ஆரம்பித்தார். அதிலிருந்து ஆளே மாறிப்போனார்.

1874-ல் யேலில் பட்டம் பெற்று, நியூயார்க்கில் மருத்துவம் படித்து, 1877-ல் டாக்டரானார். நியூயார்க் மருத்துவமனையில் பணியாற்றியபோது, நோயாளியின் காய்ச்சல், நாடித்துடிப்பு, மூச்சு ஆகிய மூன்றையும் ஒரே தாளில் வரைபடமாகக் குறித்துவைக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். மருத்துவமனைக் கட்டில்களில் இன்றும் தொங்கும் அட்டைகளுக்கு அது ஒரு முன்னோடி. எதையும் எழுதி வைக்க வேண்டும், எழுதியதைப் பின்னர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்ற அந்தப் பழக்கம் கடைசிவரை அவரைவிட்டுப் போகவில்லை.

1878 முதல் 1880 வரை வியன்னாவிலும் ஜெர்மனியின் பல நகரங்களிலும் தங்கி, அன்றைய பெரிய அறுவை மருத்துவர்களிடம் தொழில் கற்றார். கிருமியால்தான் புண் சீழ் பிடிக்கிறது என்ற கருத்தை ஐரோப்பா ஏற்றுக்கொண்டிருந்த காலம் அது. அமெரிக்காவில் பல டாக்டர்கள் அதை இன்னும் நம்பவில்லை. வெறும் கையோடு, வெளியே போட்டுவந்த கோட்டோடு அறுவை செய்துகொண்டிருந்தார்கள்.

அம்மாவுக்கே ஆபரேஷன்

ஊர் திரும்பிய ஹால்ஸ்டெட் துணிச்சலுக்குப் பேர்போனவராக இருந்தார். 1881-ல் அவருடைய தங்கைக்குப் பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கு நிற்கவில்லை. உயிர் போகும் நிலை. ஹால்ஸ்டெட் தன் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்துத் தங்கைக்கு ஏற்றி, அறுவையும் செய்து காப்பாற்றினார். ரத்த வகைகள் கண்டுபிடிக்கப்பட்டது அதற்கு இருபது வருஷங்களுக்குப் பிறகுதான். அண்ணன் ரத்தம் தங்கைக்குப் பொருந்தியது அவர்கள் அதிர்ஷ்டம்.

அடுத்த வருஷம் அம்மாவுக்குப் பித்தப்பையில் கல், கடும் தொற்று. ராத்திரி இரண்டு மணிக்கு வீட்டுச் சமையலறை மேசையிலேயே படுக்கவைத்து அறுவை செய்து கற்களை எடுத்தார். அமெரிக்காவில் நடந்த முதல் பித்தப்பை அறுவைகளில் அதுவும் ஒன்று. அம்மா பிழைத்துக்கொண்டார்.

நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் சுத்தமான அறுவைக்கூடம் கிடைக்காது என்று தெரிந்ததும், அவர் வளாகத்திலேயே தனியாகக் கூடாரம் போட்டார். மேப்பிள் மரத்தில் தரை, வெந்நீர் வசதி என்று பத்தாயிரம் டாலர் அளவுக்குச் செலவானது. அன்றைய கணக்கில் அது பெரிய தொகை.

கோகைன் தந்த அடி

1884-ல் வியன்னாவைச் சேர்ந்த கார்ல் கோலர் என்ற மருத்துவர், கோகைன் கரைசலைக் கண்ணில் விட்டால் வலி தெரியாது என்று கண்டறிந்தார். ஹால்ஸ்டெட் அதை ஒரு படி மேலே கொண்டுபோனார். ஒரு நரம்பின் அருகே ஊசியால் கோகைனைச் செலுத்தினால், அந்த நரம்பு போகும் பகுதி முழுவதும் மரத்துப்போகும் என்று கண்டார். பல் பிடுங்கும்போது தாடையில் போடும் மரப்பு ஊசிக்கு அதுதான் தொடக்கம்.

ஆனால், அந்தச் சோதனைகளை அவரும் நண்பர்களும் தங்கள் உடம்பிலேயே செய்துபார்த்தார்கள். கோகைன் ஆளை அடிமையாக்கும் என்று அப்போது யாருக்கும் சரியாகத் தெரியாது. சில மாதங்களிலேயே ஹால்ஸ்டெட்டால் அதை விட முடியாமல் போயிற்று. வேலை கெட்டது, பேச்சும் எழுத்தும் குழம்பின. 1886-ல் பிராவிடன்ஸ் நகரில் உள்ள மனநல மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை எடுத்தார். கோகைன் பழக்கத்தை மாற்ற அங்கே மார்பின் பழக்கத்துக்கு ஆளானார். மார்பினை அவர் முழுமையாக விடவே இல்லை. கூட வேலை பார்த்த டாக்டர் வில்லியம் ஆஸ்லர் இந்த ரகசியத்தை எழுதிப் பூட்டிவைத்திருந்தார். 1969-ல்தான் அந்தக் குறிப்பு வெளியே வந்தது.

நியூயார்க்கில் அவருடைய எதிர்காலம் முடிந்துவிட்டது. கைகொடுத்தது நண்பர் வில்லியம் வெல்ச். பால்டிமோரில் புதிதாக உருவாகிக்கொண்டிருந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்காக ஆய்வகம் நடத்திவந்த அவர், ஹால்ஸ்டெட்டை அங்கே அழைத்துக்கொண்டார்.

கையுறை வந்த கதை

பால்டிமோருக்கு வந்தவர் பழைய ஹால்ஸ்டெட் இல்லை. கலகலப்பாகப் பேசி, வேகமாக அறுவை செய்தவர், ஒதுங்கி வாழும் அமைதியான மனிதராக மாறியிருந்தார். சட்டைகளைச் சலவைக்குப் பாரிஸுக்கு அனுப்பும் அளவுக்கு உடையில் கறாரானவர்.

அறுவையிலும் அந்தக் கறார் வந்தது. அன்று கடகடவென்று வேகமாக அறுப்பவரே பெரிய டாக்டர். ஹால்ஸ்டெட் மிக மெதுவாகச் செய்தார். ஒவ்வொரு சிறு ரத்தக்குழாயையும் கட்டுவார், சதையைக் கசக்கமாட்டார், இழுத்துத் தைக்கமாட்டார். புண் நன்றாக ஆறியது. உலகம் முழுவதும் அறுவை மருத்துவ மாணவர்கள் இன்றும் இதைப் பாடமாகப் படிக்கிறார்கள்.

மருத்துவமனை 1889-ல் திறக்கப்பட்டது. 1890-ல் அவர் அதன் தலைமை அறுவை மருத்துவரானார். அறுவை அரங்கின் தலைமை நர்ஸாக இருந்தவர் கரோலின் ஹாம்ப்டன். கிருமிநாசினியாகப் பயன்பட்ட மெர்குரிக் குளோரைடு பட்டுப் பட்டு அவருடைய கைத்தோல் வெடித்துப் புண்ணானது. ஹால்ஸ்டெட் குட்இயர் ரப்பர் நிறுவனத்துக்குச் சொல்லி, அந்தக் கைகளுக்காக மெல்லிய ரப்பர் கையுறை செய்யச் சொன்னார். 1890-ல் இருவருக்கும் திருமணம் நடந்தது. கையைக் காப்பாற்ற வந்த கையுறை நோயாளியையும் தொற்றிலிருந்து காப்பாற்றுகிறது என்பதை அவருடைய மாணவர் பிளட்குட் பின்னர் கணக்கெடுத்துக் காட்டினார்.

மருத்துவமனையிலேயே தங்கி, வருஷக்கணக்கில் படிப்படியாகப் பொறுப்பேற்றுக் கற்கும் அறுவை மருத்துவப் பயிற்சி முறையை அமெரிக்காவில் உருவாக்கியவரும் அவர்தான். மூளை அறுவையின் முன்னோடி ஹார்வி குஷிங் அவரிடம் பயின்றவர்.

வேரோடு எடுக்க வேண்டும்

இப்போது மார்பகப் புற்றுநோய்க்கு வருவோம். 19-ம் நூற்றாண்டில் மேமோகிராம் கிடையாது, ஸ்கேன் கிடையாது. பெண்கள் கட்டியை மறைத்துவைத்து, புண்ணாகி, நாற்றம் எடுத்த பிறகே டாக்டரிடம் வந்தார்கள். மார்பகத்தை எடுத்தாலும் பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் அதே இடத்தில் கட்டி திரும்ப முளைத்தது.

ஹால்ஸ்டெட்டின் விளக்கம் எளிமையானது. குளத்தில் கல் விழுந்தால் அலை நடுவிலிருந்து வெளியே பரவுவதுபோல, புற்றுநோய் மார்பகத்தில் தொடங்கி, அக்குளுக்குப் போய், பிறகு கழுத்துக்குப் போய், அதற்கும் பிறகே உடம்பின் மற்ற பகுதிகளுக்குப் போகிறது. அப்படியென்றால், அலை போன தூரத்துக்கும் வெளியே வட்டம் போட்டு அறுத்துவிட்டால் நோய் தீர்ந்தது.

அதனால் அவர் மார்பகத்தோடு, அதற்கு அடியில் உள்ள மார்புத் தசையையும், அக்குளில் உள்ள நெறிக்கட்டிகளையும் ஒரே துண்டாக எடுத்தார். நடுவில் வெட்டினால் புற்றுச் செல்கள் சிதறிவிடும் என்பதால்தான் ஒரே துண்டு. பின்னாளில் காறையெலும்புக்கு மேலே கழுத்துவரை போனார். இந்த அறுவைக்கு ராடிக்கல் என்று பெயர். லத்தீனில் வேர் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது அது. வேரோடு பிடுங்குவதுதான் நோக்கம்.

1894-ல் ஐம்பது பெண்களுக்குச் செய்த அறுவையின் முடிவுகளை வெளியிட்டார். அறுத்த இடத்திலேயே நோய் திரும்பியவர்கள் மூன்றே பேர். அன்று ஐரோப்பாவின் பெயர்பெற்ற மருத்துவர்களின் கணக்குகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் அதே இடத்தில் திரும்பியிருந்தது. மருத்துவ உலகமே திரும்பிப் பார்த்தது. ஹால்ஸ்டெட் அறுவை என்று பெயரே நிலைத்துவிட்டது.

விலையைக் கொடுத்தது பெண்கள். நெஞ்சு குழிவிழுந்தது, விலா எலும்புகள் தோலுக்கடியில் தெரிந்தன, தோளை முழுசாகத் தூக்க முடியவில்லை, பலருக்குக் கை வீங்கிப்போய் அந்த வீக்கம் வடியவே இல்லை. இருந்தாலும் அன்றைய நிலையில் வேறு வழியே இல்லை. கீமோ கண்டுபிடிக்கப்படவில்லை. அந்த அறிக்கை வந்தபோது எக்ஸ்ரேகூடக் கண்டுபிடிக்கப்படவில்லை. நாற்றமெடுக்கும் புண்ணோடு நாளைக் கழிப்பதைவிட இது மேல் என்றே பலர் நினைத்திருப்பார்கள்.

கணக்கு சொன்ன உண்மை

ஹால்ஸ்டெட்டின் பெரிய குணம், அறுவை முடிந்ததோடு நோயாளியை மறக்காமல் இருந்தது. வருஷங்கள் கழித்தும் யார் உயிரோடு இருக்கிறார்கள், யாருக்கு நோய் எங்கே திரும்பியது என்று தொடர்ந்து விசாரித்து எழுதினார். 1907-ல் அந்த நீண்டகாலக் கணக்கை வெளியிட்டார்.

அதில் தெரிந்தது இதுதான். நெறிக்கட்டிகளில் நோய் இல்லாத பெண்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் நன்றாக இருந்தார்கள். அக்குளில் நோய் எட்டியவர்களில் பிழைத்தவர்கள் மிகக் குறைவு. கழுத்துவரை எட்டியவர்களில் பிழைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எல்லோருக்கும் அறுவை செய்தது ஒரே கை, ஒரே கவனம். முடிவு மட்டும் வேறு வேறு.

அதாவது, ஒரு பெண் பிழைப்பாரா என்பதை அறுவையின் அகலம் தீர்மானிக்கவில்லை. ஆபரேஷன் மேசைக்கு வருமுன்பே நோய் எங்கே போயிருந்தது என்பதுதான் தீர்மானித்தது. அறுத்த இடம் சுத்தமாக இருந்தது. ஆனால் ஈரலிலும் எலும்பிலும் நுரையீரலிலும் நோய் முளைத்தது. கண்ணுக்குத் தெரியாத செல்கள் ரத்தத்தின் வழியே முன்பே கிளம்பிப் போயிருந்தன. அங்கெல்லாம் கத்தி போய்ச் சேர முடியாது.

ஹால்ஸ்டெட் அந்தக் கணக்கிலிருந்து வேறு முடிவுக்கு வந்தார். பெண்கள் இன்னும் சீக்கிரம் வர வேண்டும், அறுவையில் குறை வைக்கக் கூடாது என்பதே அவர் பாடம். அதில் முதல் பாதி இன்றும் சரி. இரண்டாம் பாதிதான் தவறானது. ஆனால் அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. உடம்பு முழுவதும் போய் வேலை செய்யும் மருந்து எதுவும் அன்று அவர் கையில் இல்லை.

வேறு வழி இருக்கலாம் என்பதற்கான தடயங்கள் மட்டும் அவர் காலத்திலேயே தெரிந்தன. 1895-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஜார்ஜ் பீட்சன் என்ற மருத்துவர், மார்பகப் புற்றுநோய் முற்றிய பெண்ணுக்குச் சினைப்பையை நீக்கினார். மார்பில் இருந்த கட்டி சுருங்கியது. இன்று தரும் ஹார்மோன் மாத்திரைகளுக்கு அதுதான் தொடக்கம். மார்பைத் தொடாமலே மார்புக் கட்டியைச் சுருக்க முடியும் என்று அது காட்டியது.

மாணவர்கள் கையில் முடிந்த உயிர்

பித்தக்கல் அம்மாவைப் போலவே மகனையும் விடவில்லை. 1919-ல் ஹால்ஸ்டெட்டுக்குப் பித்தப்பை அறுவை நடந்தது. 1922-ல் பித்தக்குழாயில் மறுபடியும் கல். அவரிடம் பயின்ற மாணவர்களே அவருக்கு அறுவை செய்தார்கள். அதன் பின்விளைவுகளிலிருந்து மீள முடியாமல், அந்த ஆண்டு செப்டம்பர் 7 அன்று, 70 வயதை எட்ட இரண்டு வாரமே இருக்கும்போது, இறந்துபோனார். மூன்று மாதத்துக்குள் கரோலினும் காலமானார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

அறுவை மட்டும் அவரைவிட நீண்ட காலம் வாழ்ந்தது. அவரைப் பின்பற்றியவர்களில் சிலர் விலா எலும்புகளுக்கு உள்ளே இருக்கும் நெறிக்கட்டிகள்வரை போனார்கள். அமெரிக்காவில் 1970-கள்வரை மார்பகப் புற்றுநோய்க்கு வழக்கமான சிகிச்சை இதுவாகவே இருந்தது.

வரிசை மாறியது எப்படி?

முதல் தடை 1943-ல் வந்தது. நியூயார்க்கைச் சேர்ந்த ஹாகென்சன், ஸ்டவுட் என்ற இரு மருத்துவர்கள் பல நூறு நோயாளிகளின் குறிப்புகளை ஆராய்ந்தார்கள். மார்பகத் தோல் பரவலாக வீங்கியிருந்தால், கட்டி நெஞ்சுக்கூட்டோடு ஒட்டியிருந்தால், இன்னும் சில அறிகுறிகள் இருந்தால், எவ்வளவு பெரிய அறுவை செய்தாலும் பயனில்லை என்று பட்டியல் போட்டார்கள். அப்படிப்பட்ட பெண்களுக்கு அறுவைக்குப் பதிலாக வேறு ஏதாவது தர வேண்டும் என்ற நிலை வந்தது.

1971-ல் அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரின் குழு ஹால்ஸ்டெட் அறுவையையே நேரடிச் சோதனைக்கு உட்படுத்தியது. சுமார் 1,700 பெண்களில் ஒரு பகுதியினருக்கு ராடிக்கல் அறுவை, மற்றவர்களுக்குத் தசையை விட்டுவைத்து மார்பகம் மட்டும் நீக்கும் எளிய அறுவை. 25 ஆண்டுகள் கவனித்தார்கள். எந்தக் குழுவில் இருந்தாலும் உயிர் பிழைக்கும் வாய்ப்பில் வித்தியாசம் இல்லை. தசையை எடுத்ததால் கூடுதலாக எந்த உயிரும் காப்பாற்றப்படவில்லை.

அதே 1970-களில் இத்தாலியின் மிலன் நகரில், உடனே அறுக்க முடியாத அளவுக்கு முற்றிய கட்டிகளுக்கு ஜியான்னி பொனடோனாவின் குழு முதலில் கீமோ மருந்து கொடுத்துப் பார்த்தது. கட்டிகள் சுருங்கின. அறுவைக்கு முன் தரும் இந்தச் சிகிச்சைக்கு நியோ அட்ஜுவன்ட் என்று பெயர். சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனமும் முற்றிய மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோவையும் கதிர்வீச்சையும் அறுவைக்கு முன்பே தந்து, அதன் நீண்டகால முடிவுகளை வெளியிட்டிருக்கிறது.

அறுக்கக்கூடிய கட்டிக்கும் மருந்தை முதலில் தரலாமா? அதைச் சோதிக்க 1988-ல் ஃபிஷரின் குழு இன்னொரு ஆய்வைத் தொடங்கியது. 1,500-க்கும் மேற்பட்ட பெண்களில் பாதிப் பேருக்கு அறுவைக்கு முன்பும், மீதிப் பேருக்கு அறுவைக்குப் பின்பும் அதே மருந்து, அதே அளவு. உயிர் பிழைத்தவர்களின் விகிதம் இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருந்தது. காத்திருந்ததால் உயிருக்குக் கேடு வரவில்லை. முதலில் மருந்து பெற்றவர்களில் பத்தில் எட்டுப் பேருக்குக் கட்டி பாதிக்குமேல் சுருங்கியது. மார்பகத்தை முழுசாக எடுக்காமல் கட்டியை மட்டும் எடுக்க முடிந்தவர்களும் அந்தப் பக்கத்தில்தான் அதிகம்.

மருந்து முதலில் ஏன்?

இன்று டாக்டர்கள் மருந்தை முன்னால் வைப்பதற்கு முக்கியமாக மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, கட்டி சுருங்கும். எடுக்க முடியாதது எடுக்கக்கூடியதாக மாறும். பெரிய அறுவை சிறியதாகும். அக்குளில் நோய் மறைந்துவிட்டால், அங்கே எல்லா நெறிக்கட்டிகளையும் எடுக்காமல் சிலவற்றை மட்டும் எடுத்துச் சோதித்தால் போதும் என்ற நிலை பலருக்கு வருகிறது. கை வீக்கம் குறைய அதுவே பெரிய வழி.

இரண்டாவது, ரத்தத்தில் கிளம்பிப் போயிருக்கக்கூடிய செல்களுக்கு முதல் நாளிலிருந்தே மருந்து போய்ச் சேர்கிறது. ஆகவே, இந்த மாதங்கள் சும்மா காத்திருக்கும் மாதங்கள் அல்ல. ஹால்ஸ்டெட்டின் கத்தி எட்டாத இடத்தில்தான் அந்த வேலை நடக்கிறது.

மூன்றாவது, மருந்து வேலை செய்கிறதா என்று கண்ணால் பார்க்கலாம். கட்டியை முதலிலேயே எடுத்துவிட்டால், பிறகு தரும் மருந்து பலித்ததா என்று அளந்துபார்க்க உடம்பில் எதுவும் மிஞ்சாது. மருந்துக்குப் பிறகு எடுத்த சதையில் உயிருள்ள புற்றுச் செல் ஒன்றுகூட இல்லையென்றால் அது நல்ல அறிகுறி. மிச்சம் இருந்தால், அறுவைக்குப் பிறகு வேறு மருந்து கொடுக்கலாம். அப்படி மாற்றிக் கொடுப்பதால், சில வகை நோய்களில் நோய் திரும்புவது குறைகிறது என்று 2017, 2018-ல் வெளிவந்த பெரிய ஆய்வுகள் காட்டின.

எல்லோருக்கும் இந்த வரிசை பொருந்தாது. ஹெர்-2 என்ற புரதம் மிகுந்த வகை, ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்-2 புரதமும் இல்லாத டிரிபிள் நெகட்டிவ் வகை ஆகியவற்றில் கட்டி பெரிதாக இருந்தாலோ, அக்குளில் நோய் இருந்தாலோ மருந்தை முதலில் தருவது வழக்கம். மார்பகம் முழுவதும் சிவந்து வீங்கும் அழற்சி வகைக்கும் அப்படித்தான். ஹார்மோனைச் சார்ந்து வளரும் சிறிய கட்டி என்றால் முதலில் ஆபரேஷன்தான். அதனால் பக்கத்து வீட்டு அக்காவுக்கு உடனே ஆபரேஷன் செஞ்சாங்களே, எனக்கு மட்டும் ஏன் இல்லை என்று ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். இருவருக்கும் நோயின் பெயர் ஒன்று, வகை வேறு. அந்த வகையைச் சொல்வது பயாப்ஸி அறிக்கைதான். ஊசி போட்டுச் சதை எடுத்தால் பரவிவிடும் என்று பயந்து அதைத் தவிர்க்கக் கூடாது.

பாதியில் நிறுத்தினால் ஆபத்து

இந்தச் சிகிச்சை பொதுவாக நான்கு முதல் ஆறு மாதம் நடக்கும். இரண்டு அல்லது மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மருந்து ஏற்றுவார்கள். நடுநடுவே டாக்டர் கட்டியைத் தொட்டும் ஸ்கேன் எடுத்தும் பார்ப்பார். சிலருக்குக் கட்டி சுருங்காமல் வளரவும் கூடும். அப்போது மருந்தை மாற்றுவார்கள் அல்லது உடனே அறுவைக்குப் போவார்கள். அதனால் சொன்ன தேதியில் போய்க் காட்டுவது ரொம்ப முக்கியம்.

இன்னொரு பெரிய ஆபத்து, மருந்து நன்றாக வேலை செய்தவர்களுக்கு வருவது. இரண்டு, மூன்று தடவை மருந்து ஏற்றியதும் கட்டி கைக்கே தட்டுப்படாமல் போகும். நோய் போயிடுச்சு, இனி ஆபரேஷன் எதுக்கு என்று சிலர் நின்றுவிடுகிறார்கள். கைக்குத் தெரியாததும் ஸ்கேனில் தெரியாததும் உள்ளே இல்லை என்று அர்த்தமாகாது. எடுத்த சதையை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் தெரியும். கட்டி மறைந்தாலும் அது இருந்த இடத்தைக் கண்டுபிடிக்கத்தான், சிகிச்சையின் தொடக்கத்திலேயே அரிசியைவிடச் சிறிய உலோகக் கிளிப் ஒன்றைக் கட்டிக்குள் வைக்கிறார்கள். மருந்து எவ்வளவு பலித்தாலும் ஆபரேஷன் உண்டு. பலருக்கு அதற்குப் பிறகு கரண்ட் சிகிச்சையும் உண்டு.

ஹால்ஸ்டெட்டின் கையுறை இன்றும் எல்லா அறுவை அரங்கிலும் இருக்கிறது. பதறாமல், கசக்காமல் அறுக்கும் முறை இருக்கிறது. பயிற்சி முறை இருக்கிறது. அவர் பெயரைத் தாங்கிய மார்பக அறுவை மட்டும் ஏறக்குறைய மறைந்துவிட்டது. அதை மறையச் செய்ததில் அவர் கற்றுக்கொடுத்த பழக்கத்துக்கும் பங்கு உண்டு. ஒவ்வொரு நோயாளியும் பிறகு என்ன ஆனார் என்று விடாமல் எழுதிவைத்ததால்தான், கத்தி எட்டாத இடத்தில் நோய் காத்திருந்தது தெரியவந்தது. அந்த இடத்துக்கு முதலில் போய்ச் சேரத்தான் இன்று மருந்து முன்னால் போகிறது.